டிரௌட், பாஸ் மீன்வள மேலாண்மை

டிரௌட், பாஸ் மீன்வள மேலாண்மை என்பது, ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் டிரௌட், பாஸ் ஆகிய நன்னீர் மீன்களின் எண்ணிக்கை, உடல் அளவு, வாழிடம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, தூண்டில் மீன்பிடிப்பு நீண்ட காலம் தொடரும் வகையில் அவற்றைப் பேணும் பணியாகும். இது ஐக்கிய அமெரிக்காவில் ஒரு தனி அறிவியல் துறையாக வளர்ந்துள்ளது. அங்கு இப்பணியைப் பெரும்பாலும் மாநில அரசுகளின் மீன், வனவிலங்குத் துறைகள் மேற்கொள்கின்றன. உணவுக்காகவோ விற்பனைக்காகவோ அன்றிப் பொழுதுபோக்குக்காகத் தூண்டிலிடுவோரே இம்மீன்களின் முதன்மைப் பயனாளர்கள் ஆவர்.

மீன் குறைந்தால் பொரிப்பகத்தில் வளர்த்த மீன்களைக் கொண்டுவந்து விட வேண்டும் என்பதே இத்துறையின் தொடக்ககால நம்பிக்கையாக இருந்தது. மொன்டானா மாநிலத்தின் மாடிசன் ஆற்றில் 1960களின் இறுதியில் தொடங்கிய ஆய்வு இந்நம்பிக்கையை மாற்றியது. ஒரு நீர்நிலையில் மீன்கள் பெருகுவதைத் தடுப்பது எது என்பதை முதலில் கண்டறிந்து, அதன் பின்னரே தீர்வைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கொள்கையாகும்.

மீன்களும் அவற்றின் வாழிடமும்

டிரௌட் மீன்கள் சால்மன் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்குக் குளிர்ந்த, தெளிந்த, உயிர்வளி நிறைந்த நீர் தேவை. நீரின் வெப்பநிலை 20 பாகை செல்சியசைத் தாண்டும்போது இவை நலிவுறத் தொடங்குகின்றன. பெண் மீன் ஆற்றுப்படுகையின் கூழாங்கற்களிடையே வாலால் குழி பறித்து முட்டையிடுகின்றது. கற்களின் இடுக்குகளில் சேறு படிந்தால் முட்டைகளுக்கு உயிர்வளி கிடைக்காமல் அவை அழிந்துவிடும். வானவில் டிரௌட் இளவேனிற் காலத்திலும், பழுப்பு டிரௌட் இலையுதிர் காலத்திலும் முட்டையிடுகின்றன.

இக்கட்டுரையில் குறிப்பிடப்படும் பாஸ் மீன்கள் கடலில் வாழும் பாஸ் மீன்களிலிருந்து வேறுபட்டவை. இவை வட அமெரிக்காவுக்கே உரிய நன்னீர்ச் சூரியமீன் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ் ஆகிய இரண்டும் முதன்மையானவை. பெருவாய் பாஸ் வெதுவெதுப்பான, ஓட்டம் குறைந்த நீரையும், நீர்த்தாவரங்களும் மூழ்கிய மரங்களும் நிறைந்த இடங்களையும் விரும்புகின்றது. ஆண் மீன் கரையோர ஆழமற்ற பகுதியில் கூடு அமைத்து, முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காக்கின்றது. புளோரிடாவைச் சேர்ந்த பெருவாய் பாஸ் நெடுங்காலம் ஒரு துணை இனமாகவே கருதப்பட்டது. 2022 இல் வெளியான மரபணு ஆய்வுக்குப் பின்னர் அது புளோரிடா பாஸ் என்னும் தனி இனமாக ஏற்கப்பட்டுள்ளது.

இவ்விரு வகை மீன்களின் தேவைகளும் வேறுபடுவதால் அவற்றுக்கான மேலாண்மை முறைகளும் வேறுபடுகின்றன. ஆற்று டிரௌட் மீன்களைப் பொறுத்தவரை நீரோட்டமும் வெப்பநிலையுமே பெரும்பாலும் எல்லையை வகுக்கின்றன. ஏரி பாஸ் மீன்களைப் பொறுத்தவரை இரை மீன்களின் அளவும், சிறிய மீன்களிடையே உணவுக்காக ஏற்படும் போட்டியும் முதன்மை பெறுகின்றன.

வரலாறு

பொரிப்பகங்களின் காலம்

அமெரிக்க நடுவண் அரசு 1871 இல் மீன் ஆணையத்தை அமைத்தது. இயற்கை ஆய்வாளர் ஸ்பென்சர் பெயர்ட் அதன் முதல் ஆணையர் ஆவார். 1872 இல் கலிபோர்னியாவின் மெக்கிளவுட் ஆற்றங்கரையில் சால்மன் முட்டைகளைச் சேகரிக்கும் நிலையம் தொடங்கப்பட்டது. பின்னர் அதே ஆற்றிலிருந்து வானவில் டிரௌட் முட்டைகளும் சேகரிக்கப்பட்டு நாட்டின் பிற பகுதிகளுக்கு அனுப்பப்பட்டன. ஐரோப்பாவுக்குரிய பழுப்பு டிரௌட்டின் முட்டைகள் 1883 இல் செருமனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தன. மறு ஆண்டில் அவற்றிலிருந்து பொரித்த குஞ்சுகள் மிச்சிகன் மாநிலத்து ஆறு ஒன்றில் விடப்பட்டன. 1881 முதல் 1947 வரை மீன்களை ஏற்றிச் செல்வதற்கென்றே தனித் தொடருந்துப் பெட்டிகள் இயங்கின.

அக்காலத்தில் மீன் வளர்ப்பு உழவுத் தொழில் போன்றே கருதப்பட்டது. விதை மிகுந்தால் விளைச்சல் மிகும் என்ற எண்ணத்தில் கோடிக்கணக்கான குஞ்சுகள் விடப்பட்டன. அவை பிழைத்தனவா என்பதைக் கணக்கிடும் வழக்கம் அரிதாகவே இருந்தது.

அளவீட்டின் காலம்

அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் நகரில் பணியாற்றிய ஓமர் சுவிங்கிள், 1930களிலிருந்து பண்ணைக் குட்டைகளில் பெருவாய் பாஸ் மீனையும் அதன் இரையான புளூகில் மீனையும் சேர்த்து வளர்த்து ஆராய்ந்தார். இரை மீனுக்கும் வேட்டை மீனுக்கும் இடையே ஒரு சமநிலை இருந்தால்தான் இரண்டும் நல்ல அளவுக்கு வளரும் என்பதை அவர் காட்டினார். பாஸ் குறைந்தால் புளூகில் அளவின்றிப் பெருகிக் குறுகிப்போகும். பாஸ் மிகுந்தால் அவை ஒன்றோடொன்று போட்டியிட்டு மெலியும். 1970களில் மிசூரியில் ரிச்சர்ட் ஆண்டர்சன் இச்சமநிலையை எளிய எண்களால் அளக்கும் முறையை உருவாக்கினார்.

கணக்கெடுப்பு முறைகள்

மின்மீன்பிடிப்பு

படகிலிருந்து நீருக்குள் அளவான மின்சாரம் செலுத்தப்படும்போது அருகிலுள்ள மீன்கள் சிறிது நேரம் செயலிழக்கின்றன. அவற்றை வலைக்கரண்டியால் எடுத்து, நீளமும் எடையும் அளந்து, மீண்டும் நீரில் விடுவர். மீனின் அகவையை அறியச் செதில்களிலும் காதெலும்பிலும் உள்ள வளையங்கள் எண்ணப்படுகின்றன.

குறியிட்டு மீளப்பிடித்தல்

ஓர் ஆற்றில் உள்ள எல்லா மீன்களையும் எண்ண இயலாது. எனவே ஒரு பகுதியில் பிடித்த மீன்களின் துடுப்பில் சிறு குறியிட்டு விட்டுவிடுவர். சில நாட்களுக்குப் பின் மீண்டும் பிடித்து, அவற்றுள் எத்தனை மீன்களில் குறி உள்ளது எனப் பார்ப்பர். பின்வரும் சமன்பாடு மொத்த எண்ணிக்கையை மதிப்பிட உதவுகின்றது.

மொத்த மீன்கள் = (முதல் முறை குறியிட்டவை × இரண்டாம் முறை பிடித்தவை) ÷ இரண்டாம் முறை பிடித்தவற்றுள் குறியுடையவை

எடுத்துக்காட்டாக, முதலில் 200 மீன்களுக்குக் குறியிடப்பட்டது எனவும், இரண்டாம் முறை பிடித்த 180 மீன்களில் 40 மீன்கள் குறியுடையவை எனவும் கொள்வோம். அப்பகுதியில் சுமார் 900 மீன்கள் உள்ளன என மதிப்பிடலாம். இரு கணக்கெடுப்புகளுக்கும் இடையில் மீன்கள் பெருமளவில் இறக்கவோ, உள்ளே வரவோ, வெளியேறவோ இல்லை என்ற எடுகோளின் மேல் இக்கணக்கு அமைந்துள்ளது.

அளவு விகிதச் சுட்டெண்

ஆண்டர்சனின் முறையில் 20 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட பெருவாய் பாஸ் மீன்கள் மட்டும் கணக்கில் எடுக்கப்படுகின்றன. அவற்றுள் 30 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்டவை எத்தனை விழுக்காடு என்பதே சுட்டெண் ஆகும். 120 மீன்களில் 60 மீன்கள் 30 செ.மீ. எட்டியிருந்தால் சுட்டெண் 50 ஆகும். சமநிலையில் உள்ள நீர்நிலையில் இது பொதுவாக 40க்கும் 70க்கும் இடையில் இருக்கும். மிகக் குறைவான எண், சிறிய மீன்கள் நெருக்கமாகக் குவிந்திருப்பதைக் காட்டலாம். மிக உயர்ந்த எண், புதிய குஞ்சுகள் போதிய அளவு வளர்ந்து வராததைக் காட்டலாம். ஏரி பெரியதா சிறியதா என்பதைப் பொருட்படுத்தாமல் ஒப்பிட இயலுவது இதன் சிறப்பாகும். ஆனால் மொத்தம் எத்தனை மீன்கள் உள்ளன என்பதை இச்சுட்டெண் கூறுவதில்லை.

மேலாண்மை வழிகள்

கணக்கெடுப்பில் வெளிப்படும் குறையைப் பொறுத்துப் பின்வரும் வழிகள் கையாளப்படுகின்றன.

* மீன் இருப்புச் செய்தல்: இயற்கையான இனப்பெருக்கம் நடைபெறாத நீர்நிலைகளிலும், புதிய நீர்த்தேக்கங்களிலும் பொரிப்பக மீன்களை விடுதல். முட்டையிடக் கூழாங்கல் ஓடைகள் இல்லாத மலை ஏரிகளில் டிரௌட் மீன்களை இம்முறையால் மட்டுமே நிலைநிறுத்த இயலும்.
* குறைந்த அளவு நீள வரம்பு: குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைந்த மீன்களை விட்டுவிட வேண்டும் என்ற விதி. குஞ்சுகள் குறைவாகவும், வளர்ச்சி விரைவாகவும், தூண்டிலால் ஏற்படும் இழப்பு மிகுதியாகவும் உள்ள இடங்களுக்கு இது ஏற்றது.
* இடைநீள வரம்பு: சிறியவற்றையும் மிகப் பெரியவற்றையும் எடுத்துக்கொள்ளலாம், நடுத்தர அளவுள்ளவற்றை விட்டுவிட வேண்டும் என்ற விதி. குஞ்சுகள் மிகுதியாகவும், வளர்ச்சி மந்தமாகவும் உள்ள இடங்களுக்கு இது ஏற்றது.
* நாளொன்றுக்கான பிடி வரம்பு: ஒருவர் ஒரு நாளில் எடுத்துச் செல்லக்கூடிய மீன்களின் எண்ணிக்கையை வரையறுத்தல்.
* வாழிடச் சீரமைப்பு: அணைகளிலிருந்து திறந்துவிடப்படும் நீரின் அளவை ஒழுங்குபடுத்தல், கரையோர மரங்களைப் பேணுதல், ஏரிகளில் மறைவிடங்களாகப் பயன்படும் மரங்களை மூழ்கவிடல் முதலியன.
* காலத் தடை: முட்டையிடும் பருவத்திலோ வெப்பம் மிகுந்த நாட்களிலோ மீன்பிடிப்பை நிறுத்திவைத்தல்.

நீள வரம்புகள் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான குறைகளுக்கான தீர்வுகள் ஆகும். குஞ்சுகள் மிகுந்த ஏரியில் குறைந்த அளவு நீள வரம்பை விதித்தால், வரம்புக்குச் சற்றுக் குறைவான மீன்கள் எடுக்கப்படாமல் குவிந்து, உணவுக்காகப் போட்டியிட்டு, வரம்பை எட்டாமலேயே நின்றுவிடக்கூடும். எனவே கணக்கெடுப்பு இன்றி விதி வகுப்பது நிலைமையை மேலும் மோசமாக்கலாம்.

மாடிசன் ஆறு

மாடிசன் ஆறு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஃபயர்ஹோல், கிப்பன் ஆகிய ஆறுகள் கலக்கும் இடத்தில் தொடங்கி, மொன்டானா மாநிலத்தில் பாய்ந்து, மிசூரி ஆற்றை உருவாக்கும் மூன்று ஆறுகளுள் ஒன்றாக முடிகின்றது. இதன் குறுக்கே எப்கன் அணை உள்ளது. வெஸ்ட்ஸ்லோப் கட்த்ரோட் டிரௌட், ஆர்க்டிக் கிரேலிங் ஆகியன இந்த ஆற்றின் நாட்டு மீன்கள் ஆகும். 1889 இல் இங்கு பழுப்பு டிரௌட் விடப்பட்டது. வானவில் டிரௌட் மீன்களும் கொண்டுவரப்பட்டன. இவ்விரு வந்தேறு மீன்களுமே இன்று தூண்டில்காரர்களை இவ்வாற்றுக்கு ஈர்க்கின்றன. பொரிப்பகத்தில் வளராமல் ஆற்றிலேயே பிறந்து வளரும் இவை, வந்தேறிகளாயினும், காட்டு டிரௌட் என அழைக்கப்படுகின்றன.

வின்சென்ட்டின் ஆய்வு

மொன்டானா மீன் துறையின் உயிரியலாளர் ரிச்சர்ட் வின்சென்ட், 1960களின் பிற்பகுதியில் மாடிசன் ஆற்றில் மின்மீன்பிடிப்பு முறையில் கணக்கெடுக்கத் தொடங்கினார். அணையிலிருந்து வரும் குளிர்கால நீரோட்டம் மீன்களை எவ்வாறு பாதிக்கின்றது என்பதே தொடக்கத்தில் அவரது கேள்வியாக இருந்தது. ஆனால் பொரிப்பக மீன்கள் விடப்பட்டுவந்த வார்னி பகுதியில், எதிர்பார்த்த அளவுக்குக் காட்டு மீன்கள் இல்லாதது அவரது கவனத்தை ஈர்த்தது.

இதனை உறுதிசெய்ய இரு இடங்களில் எதிரெதிரான மாற்றங்கள் செய்யப்பட்டன. நெடுங்காலம் பொரிப்பக மீன்கள் விடப்பட்டுவந்த வார்னி பகுதியில் 1970 முதல் மீன் விடுவது நிறுத்தப்பட்டது. அதுவரை மீன்கள் விடப்படாத ஓடெல் ஓடையில், பிடிக்கத்தக்க அளவுள்ள பொரிப்பக வானவில் டிரௌட் மீன்கள் புதிதாக விடப்பட்டன. வார்னி பகுதியில் காட்டு வானவில் டிரௌட் மீன்கள் பல மடங்கு பெருகின. பழுப்பு டிரௌட் மீன்களும் மிகுந்தன. ஓடெல் ஓடையில் அதுவரை செழித்திருந்த பழுப்பு டிரௌட் மீன்கள் குறைந்தன. மீன்களைச் சேர்த்த இடத்தில் மீன்கள் குறைந்தன, சேர்ப்பதை நிறுத்திய இடத்தில் பெருகின.

இம்முடிவுக்குப் பின்வரும் காரணங்கள் கூறப்படுகின்றன. ஆற்று டிரௌட் மீன்கள் ஒவ்வொன்றும் இரை வரும் நீரோட்டத்தில் தமக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, குறைந்த உழைப்பில் உணவு பெறுகின்றன. நெருக்கமான தொட்டிகளில் வளர்ந்த பொரிப்பக மீன்கள் திடீரெனக் கூட்டமாக நுழையும்போது இவ்வொழுங்கு குலைகின்றது. காட்டு மீன்கள் இடம் இழந்து, ஆற்றலை வீணாக்கி நலிகின்றன. ஆற்று வாழ்வுக்குப் பழகாத பொரிப்பக மீன்களும் பெரும்பாலும் நீண்ட நாட்கள் பிழைப்பதில்லை. இவ்வாறு இரு வகையும் இழக்கப்படுகின்றன.

1974 ஆம் ஆண்டின் முடிவு

பொரிப்பக மீன்கள் நின்றால் வெளியூர்த் தூண்டில்காரர்கள் வரமாட்டார்கள் என்று உள்ளூர் வணிகர்கள் அஞ்சினர். துறைக்குள்ளேயும் எதிர்ப்பு இருந்தது. பொரிப்பகங்களில் பலர் பணியாற்றினர். மீன் விடும் வண்டி வருவதையே துறையின் சேவையாகப் பொதுமக்களும் கருதிவந்தனர். இவற்றுக்கிடையே, காட்டு டிரௌட் வாழும் ஆறுகளிலும் ஓடைகளிலும் பொரிப்பக டிரௌட் மீன்களை விடுவதை மொன்டானா மாநிலம் 1974 இல் நிறுத்தியது. ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் மீன் விடுவது தொடர்ந்தது. வின்சென்ட்டின் ஆய்வு முடிவுகள் 1987 இல் மீன்வள ஆய்விதழில் விரிவாக வெளியிடப்பட்டன. அதன் பின்னர் மொன்டானாவின் ஆறுகள் காட்டு டிரௌட் மீன்களுக்காகவே உலகெங்கும் அறியப்பட்டன.

சுழல் நோய்

1994 இல் மாடிசன் ஆற்றில் சுழல் நோய் கண்டறியப்பட்டது. இதனை உண்டாக்கும் நுண்ணிய ஒட்டுண்ணி ஐரோப்பாவிலிருந்து வந்தது. இது முதலில் சேற்றில் வாழும் டியூபிஃபெக்ஸ் புழுவிலும், பின்னர் மீன் குஞ்சின் குருத்தெலும்பிலும் வளர்கின்றது. பாதிக்கப்பட்ட குஞ்சுகள் தம் வாலைத் துரத்துவது போல் வட்டமிட்டு நீந்துவதால் நோய்க்கு இப்பெயர் ஏற்பட்டது. மேல் மாடிசனின் சில பகுதிகளில் வானவில் டிரௌட் மீன்களில் சுமார் 90 விழுக்காடு அழிந்தன. ஐரோப்பாவில் இவ்வொட்டுண்ணியுடன் நெடுங்காலம் வாழ்ந்த பழுப்பு டிரௌட் பெருமளவில் தப்பியது.

இந்நிலையில் பொரிப்பக மீன்களை மீண்டும் விட வேண்டும் என்ற கருத்து எழுந்தாலும், மொன்டானா தன் கொள்கையைக் கைவிடவில்லை. எதிர்ப்பாற்றல் உள்ள மீன்கள் தப்பி இனம் பெருக்க, வானவில் டிரௌட் மீன்களின் எண்ணிக்கை பின்வந்த ஆண்டுகளில் ஓரளவு மீண்டது. கொலராடோ மாநிலம் வேறு வழியைத் தேர்ந்தது. செருமனியின் மீன் பண்ணை ஒன்றில் நோய்க்குப் பழகியிருந்த ஓஃபர் என்னும் வானவில் டிரௌட் வகையை அம்மாநிலத்து மீன்களுடன் கலந்து, எதிர்ப்பாற்றல் உள்ள குஞ்சுகளை உருவாக்கி ஆறுகளில் விட்டது. காட்டு மீன்கள் ஏறக்குறைய அற்றுப்போன ஆறுகளில் மீன் விடுதல் பயன் தரும் என்பதை இது காட்டுகின்றது.

நீரும் வெப்பமும்

2021 நவம்பர் 30 அன்று எப்கன் அணையின் மதகில் ஒரு பாகம் உடைந்ததால் ஆற்றின் நீர்மட்டம் திடீரெனச் சரிந்தது. பழுப்பு டிரௌட் முட்டைகள் படுகையில் இருந்த காலம் அது. கிளைக் கால்வாய்களில் சிக்கிய மீன்களைத் தன்னார்வலர்கள் வாளிகளில் அள்ளி முதன்மை ஆற்றில் விட்டனர். ஏறக்குறைய இரண்டு நாட்களில் பழுது நீக்கப்பட்டது.

கோடைக் காலத்தில் நீரின் வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாட்கள் சுமார் 23 பாகை செல்சியசை எட்டினால், மொன்டானாவில் பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிப்புத் தடை செய்யப்படலாம். இது ஆந்தை விதி என்னும் பொருள்படும் பெயரால் வழங்குகின்றது. 2023 இல் அண்டை ஆறுகளான பிக் ஹோல், ரூபி, பீவர்ஹெட் ஆகியவற்றின் சில பகுதிகளில் டிரௌட் எண்ணிக்கை அதுவரை பதிவானவற்றுள் மிகக் குறைந்த அளவுக்குச் சரிந்தது. நீர்க்குறைவு, வெப்பம், நோய், மீன்பிடி அழுத்தம் ஆகியவற்றின் பங்கு ஆராயப்பட்டுவருகின்றது.

ஃபோர்க் ஏரி

டெக்சஸ் மாநிலத்தின் வடகிழக்கில் உள்ள ஃபோர்க் ஏரி, 1980 இல் அணை மூடப்பட்டு உருவான சுமார் 11,000 எக்டேர் பரப்புள்ள நீர்த்தேக்கம் ஆகும். மாடிசன் ஆற்றுக்கு மாறாக, மீன் இருப்புச் செய்வதே இங்கு அடிப்படையாக அமைந்தது. ஏரி நிரம்பும் முன்னரே அப்பகுதிக் குட்டைகளில் புளோரிடா பாஸ் மீன்கள் விடப்பட்டன. நிலத்தில் நின்ற மரங்களில் பெரும்பகுதி வெட்டப்படாமல் மூழ்கவிடப்பட்டது. புதிதாக மூழ்கிய நிலத்தின் ஊட்டமும், மரங்களின் மறைவும், பெரிதாக வளரும் மரபும் ஒன்றுசேர்ந்ததால் பாஸ் மீன்கள் விரைவாக வளர்ந்தன.

ஏரிக்குத் தொடக்க காலத்திலேயே இடைநீள வரம்பும் விதிக்கப்பட்டது. இதன் அளவுகள் பின்னர் மாற்றப்பட்டன. இப்போதைய விதிப்படி 41 செ.மீ. முதல் 61 செ.மீ. வரையுள்ள பாஸ் மீன்களை விட்டுவிட வேண்டும். நாளொன்றுக்கு எடுக்கக்கூடிய ஐந்து மீன்களில் ஒன்று மட்டுமே 61 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்டதாக இருக்கலாம்.

1986 இல் டெக்சஸ் மாநிலம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி சுமார் 5.9 கிலோ (13 இறாத்தல்) அல்லது அதற்கு மேற்பட்ட பாஸ் மீனைப் பிடிப்பவர்கள், அதனை இனப்பெருக்கத்துக்காக அரசுப் பொரிப்பகத்துக்குக் கடனாக வழங்கலாம். திட்டத்துக்கு முதலில் வந்த மீன் அவ்வாண்டு நவம்பரில் ஃபோர்க் ஏரியில் பிடிபட்டது. சுமார் 8 கிலோ எடையுள்ள அம்மீனுக்கு எத்தல் எனப் பெயரிடப்பட்டது. 1992 சனவரியில் இதே ஏரியில் பிடிபட்ட 8.25 கிலோ (18.18 இறாத்தல்) பாஸ் மீனே டெக்சஸ் மாநிலச் சாதனையாக விளங்குகின்றது.

பிடித்து விடுதல்

பிடித்த மீனை உயிருடன் மீண்டும் நீரில் விடும் வழக்கம் முதலில் டிரௌட் தூண்டில்காரர்களிடையே பரவியது. பாஸ் போட்டிகளில் 1972 முதல் இது ஊக்குவிக்கப்பட்டது. இன்று பாஸ் தூண்டில்காரர்களில் பெரும்பாலோர் தாம் பிடிக்கும் ஏறத்தாழ எல்லா மீன்களையும் விட்டுவிடுகின்றனர்.

இவ்வழக்கம் ஆற்று டிரௌட் மீன்களுக்குப் பேருதவியாக அமைந்தது. ஆனால் ஏரி பாஸ் மேலாண்மையில் எதிர்பாராத சிக்கலை ஏற்படுத்தியது. இடைநீள வரம்பு பயன் தர வேண்டுமாயின், சிறிய பாஸ் மீன்களை மக்கள் எடுத்துச் சென்று உண்ண வேண்டும். அவையும் விடப்படும்போது ஏரியில் நெருக்கம் குறைவதில்லை, வளர்ச்சியும் கூடுவதில்லை. எனவே சிறிய பாஸ் மீன்களை எடுத்துச் செல்லுமாறு உயிரியலாளர்கள் பல ஏரிகளில் மக்களை வேண்டிக்கொள்கின்றனர்.

விடப்படும் மீன்கள் எல்லாம் பிழைப்பதில்லை என்பதும் கருத்திற்கொள்ளத்தக்கது. முள்ளை விழுங்கிய மீன்களும், வெப்பமான நீரில் நெடுநேரம் போராடிய மீன்களும், நீருக்கு வெளியே நெடுநேரம் வைத்திருக்கப்பட்ட மீன்களும் இறக்கும் வாய்ப்பு மிகுதி.

நாட்டு மீன்கள்

தூண்டில்காரர்களுக்காகக் கொண்டுவரப்பட்ட மீன்கள், அந்தந்த நீர்நிலையின் நாட்டு மீன்களுக்குப் பெரும் கேடு விளைவித்துள்ளன. வானவில் டிரௌட் கட்த்ரோட் டிரௌட்டுடன் கலந்து இனம் பெருக்குவதால், மேற்கு மாநிலங்களில் தூய கட்த்ரோட் மீன்கள் அருகிவிட்டன. மாடிசன் ஆற்றின் துணையாறான செர்ரி ஓடையில் 2003 இல் தொடங்கிய திட்டம் இதனைச் சீர்செய்ய முயன்றது. சுமார் 100 கி.மீ. நீளமுள்ள ஓடைகளில் இருந்த வந்தேறு டிரௌட் மீன்கள் மீன்கொல்லி மருந்தால் அகற்றப்பட்டு, அவ்விடத்தில் வெஸ்ட்ஸ்லோப் கட்த்ரோட் மீன்கள் மீண்டும் குடியமர்த்தப்பட்டன. நன்றாக வாழும் மீன்களைக் கொல்வதை எதிர்த்து வழக்குகளும் நடைபெற்றன.

கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணையின் மேலுள்ள பவல் ஏரியில் சிறுவாய் பாஸ் வாழ்கின்றது. நெடுங்காலம் அணையின் ஆழத்திலிருந்து வந்த குளிர்நீரால் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வானவில் டிரௌட் செழித்தது, பாஸ் பெருகவில்லை. வறட்சியால் ஏரியின் மட்டம் இறங்கியபோது, மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரும் அதனுடன் பாஸ் மீன்களும் அணையைக் கடந்தன. 2022 இல் அவை அணைக்குக் கீழே இனம் பெருக்குவது கண்டறியப்பட்டது. இதனால், 2021 இல்தான் அருகிய இனம் என்ற நிலையிலிருந்து அச்சுறு நிலைக்கு மாற்றப்பட்ட கூனல் சப் என்னும் நாட்டு மீனுக்கு மீண்டும் ஆபத்து ஏற்பட்டது. 2024 கோடையில் மின்னாக்கிகளைத் தவிர்த்து ஆழத்துக் குழாய்கள் வழியே குளிர்நீர் திறக்கப்பட்டது. மின்னுற்பத்தியில் இழப்பு ஏற்பட்டாலும், பாஸ் இனப்பெருக்கம் அதனால் கட்டுக்குள் வந்தது. டெக்சசில் பெரும் பொருட்செலவில் வளர்க்கப்படும் மீனின் நெருங்கிய உறவினம், இங்கு பெரும் பொருட்செலவில் தடுக்கப்படுகின்றது.

நிதி

இப்பணிகளுக்கான நிதியில் பெரும்பகுதி தூண்டில்காரர்களிடமிருந்தே வருகின்றது. மாநில மீன்பிடி உரிமக் கட்டணம் ஒரு வழி ஆகும். 1950 இல் இயற்றப்பட்ட டிங்கெல்-ஜான்சன் சட்டம் மற்றொரு வழியைத் தந்தது. இதன்படி தூண்டில் கருவிகள் மீது நடுவண் அரசு விதிக்கும் வரி, மாநிலத்தின் பரப்பையும் அங்கு உரிமம் பெற்றோர் எண்ணிக்கையையும் கொண்டு பகிர்ந்தளிக்கப்படுகின்றது. இவ்வமைப்பு நிலையான வருவாயைத் தருகின்றது. அதே வேளையில், உரிமம் வாங்குவோர் விரும்பும் மீன்களுக்கு முதன்மை கிடைப்பதையும், எவரும் தூண்டிலிடாத நாட்டு மீன்கள் பின்தள்ளப்படுவதையும் சிலர் குறையாகச் சுட்டுகின்றனர்.

நீலகிரியில் டிரௌட்

இந்தியாவில் டிரௌட் மீன்கள் இயற்கையாகக் காணப்படுவதில்லை. நீலகிரியில் அவற்றைக் குடியேற்ற 1860களில் பிரான்சிஸ் டே மேற்கொண்ட முயற்சிகள் வெற்றி பெறவில்லை. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் முயற்சியால் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைக்கப்பட்டு, வானவில் டிரௌட் மலை ஓடைகளில் நிலைபெற்றது. ஆங்கிலேயத் தூண்டில்காரர்களின் பொழுதுபோக்குக்காகவே இம்மீன்கள் கொண்டுவரப்பட்டன. வெப்ப மண்டலத்தில் அமைந்திருந்தும், உயரத்தால் குளிர்ந்த ஓடைகளே இங்கு டிரௌட் வாழ வழிசெய்தன.

இவற்றையும் பார்க்க

* மீன்வளம்
* தூண்டில் மீன்பிடிப்பு
* வானவில் டிரௌட்
* வந்தேறு இனங்கள்
* யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா